நான் போட மறுத்த கையெழுத்து

பிள்ளைகளை அயர்லாந்துக்கு அழைத்துப்போக என் மனைவிக்கு என்னுடைய கையெழுத்து ஒன்று தேவைப்பட்டது. அதைக் கேட்டு அவள் வாட்ஸப்பில் செய்தி அனுப்பியபோது நான் திருமழிசையில், வேலை பார்க்கும் பட்டறையில், லேத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். படித்துவிட்டு மெஷினை நிறுத்தினேன். குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அழுகையெல்லாம் இல்லை, சிரிப்பை அடக்கத்தான். மூன்று வருடமாக அவளை எதிர்க்க என் கையில் ஒரு துரும்புகூட இல்லாமல் இருந்தது. இப்போது அவளே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

நாங்கள் பிரிந்து வாழ்கிறவர்கள். விவாகரத்து ஆகவில்லை. அவள் அம்பத்தூரில் தன் அக்கா வீட்டு மாடியில் பிள்ளைகளோடு இருந்தாள். நான் பட்டாபிராமைத் தாண்டி, நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், நாலு பேரும் சேர்ந்து இருந்த அதே வீட்டில் தனியாக இருந்தேன். மூத்தது பெண், அப்போது பன்னிரண்டு வயது. சின்னவனுக்கு ஏழு. மனைவி நர்ஸ். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ஆனால் தகப்பன் எழுதிக் கொடுக்க வேண்டும்: என் பிள்ளைகள் தாயோடு வெளிநாடு செல்வதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்று. எனக்கு ஆட்சேபணை இருந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் இருந்தது.

அவள் என்னை விட்டுப் போன விதம் அப்படி. நான் காலை ஷிப்டு முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு பளிச்சென்று இருந்தது. பிள்ளைகளின் புத்தகம் இல்லை, செருப்பு இல்லை, பீரோவில் அவள் தட்டு காலி. அடுப்பு மேடையைக்கூடத் தேய்த்துக் கழுவி, தரையைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்கு ஒரு தட்டில் சாதமும் மூடியிருந்தது. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் பொறுத்திருப்பேன். வாடகை வீட்டைக் காலி செய்கிறவள் மாதிரி சுத்தமாகப் போனதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. அந்தத் தரையில் செருப்புக் காலோடு நடந்தேன், ஒரு வாரம்.

நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது எழுத்தே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு அவளுக்குத் துபாயில் ஒரு வேலைக்கு நேர்காணல் வந்தது. போகாதே என்றேன். போவேன் என்றாள். நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவளுடைய நர்ஸிங் சர்ட்டிபிகேட்டுகள் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் எனக்குக் கொடுத்திருந்த இரும்பு லாக்கரில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரம் அவள் வீடு முழுக்கத் தேடினாள். கட்டிலை நகர்த்தித் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். நேர்காணல் தேதி போன மறுநாள் எடுத்து வந்து டைனிங் டேபிளில் வைத்தேன். அவள் காகிதங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பைதான் பிறகு அம்பத்தூருக்குப் போனது.

ஆகவே நான் நல்லவன் என்று யாரும் நினைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டாம்.

கையெழுத்து கேட்ட செய்திக்கு இரண்டு நாள் பதில் போடவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பது நீல டிக்கில் அவளுக்குத் தெரியும். அது தெரிய வேண்டும் என்றுதான் விட்டேன். பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவன், ஆவடிக்காரன், விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டான்.

“போட்டுக் குடுத்துடாத மாமே. போட்டியானா அப்பால புள்ளைங்கள ஃபோன்லதான் பாத்துகினு கெடப்ப.”

“போடுவனா?”

“அது மட்டும் ஊட்ட உட்டுப் போவும், நீ கையெயுத்துப் போட்டு டாட்டா காட்டணுமா? இன்னா நாயம் இது?”

இதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. மூன்றாம் நாள் அவளுக்கு ஒரே வார்த்தை அனுப்பினேன். முடியாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அவள் பிள்ளைகளை நெமிலிச்சேரி ஸ்டேஷனில் என்னிடம் விடுவாள், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்ப அழைத்துப் போவாள். பெரியவர்கள் பேசி முடிவு செய்திருந்த ஏற்பாடு. ஆவடியிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கேட்டதற்கு நான்தான் நெமிலிச்சேரி என்று பிடிவாதம் பிடித்தேன். அவள் இன்னும் மூன்று ஸ்டேஷன் வரட்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பத்து மணிக்கு நான் ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். அவள் நைட் டியூட்டி முடித்து, தூங்காமலே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பாள், நின்றுகொண்டே கண் சொருகும். பத்து நிமிடம் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவேன். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. நான் பிள்ளைகளைப் பார்க்கப் போவதும் தவறியதில்லை, அவளைக் காக்கவைப்பதும் தவறியதில்லை.

அந்த வாரம் அவள் கிளம்பிப் போகாமல் நின்றாள். பிள்ளைகளைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னாள்.

“ரெண்டு வருஷம்தான் காண்ட்ராக்ட். லீவுக்கு லீவு கூட்டிட்டு வரேன். எழுதித் தரேன். தினமும் வீடியோ கால்ல பேசட்டும்.”

“முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் முடியாது? அதச் சொல்லுங்க.”

“என் புள்ளைங்க. எனக்கு இஷ்டம் இல்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் கெஞ்சுவாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவள் அன்று அந்த பிளாட்பாரத்தில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, குரல் தழுதழுத்து ‘தயவு செஞ்சு’ என்று சொல்லியிருந்தால் நான் போட்டிருந்தாலும் போட்டிருப்பேன். அவள் சொல்லவில்லை. “சரி, கோர்ட்டுல பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, வந்த ரயிலில் ஏறிப் போய்விட்டாள். ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவள் வழக்குப் போட்டாள். தகப்பனின் சம்மதம் இல்லாமலே பிள்ளைகளை அழைத்துப்போக நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும் என்று மனு. அதற்கு நான் பதில் மனு போட வேண்டும். ஆவடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த வக்கீலைப் பிடித்தேன். வக்கீல் பாதி நேரம் போனில் இருந்தார். கதை கேட்டு எழுதிக்கொண்டது அவருடைய குமாஸ்தாதான்.

“எதையும் உள்ள வெச்சுக்காதீங்க அண்ணாத்தே, எல்லாத்தையும் கொட்டிடுங்க,” என்றார் அவர். “நாங்க அப்பால பில்டர் பண்ணிக்கிறோம்.”

கொட்டினேன். ஒன்றரை மணி நேரம் கொட்டினேன். அவள் நைட் டியூட்டி பார்க்கிறாள், பிள்ளைகளைக் கவனிப்பதில்லை. அவள் அக்கா புருஷன் குடிக்கிறவன். அவன் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் குடிப்பவன், ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. பையனுக்குக் குளிர் ஆகாது, மூச்சிரைப்பு உண்டு. அதுவும் ஒரு முறை வந்ததுதான். அவளுக்கு அங்கே யாருமே கிடையாது, அல்லது யாரோ இருக்கிறார்கள், இரண்டில் எது மோசமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். குமாஸ்தா சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே வந்தது. வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துபோன பிறகு அவர் பேனாவை மூடாமல் என்னையே பார்த்தார்.

“வேற இன்னா கீது? புள்ளைங்களுக்கு எதுனா பாதிப்புன்னு ஒண்ணு கெடச்சா வெயிட்டா இருக்கும்.”

அப்போதுதான் என் மகள் என்னிடம் சொல்லியிருந்த ஒன்று ஞாபகம் வந்தது.

அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை எழுத்தில் ஏறியதே போதும். வியாதி என்று சொல்ல முடியாது, அவள் தவறும் இல்லை. பெற்றவர்கள் பிரிந்ததற்குப் பிறகு அவளுக்கு வந்த உடம்பு சம்பந்தமான ஒரு சங்கடம். பன்னிரண்டு வயதுப் பெண் வெளியில் தெரிந்தால் பள்ளிக்கூடத்துப் பக்கமே தலைகாட்ட மாட்டாள், அப்படிப்பட்டது. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம் என் வீட்டில் தூங்கியபோது அது நடந்துவிட்டது. அழுதாள். நான் எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் நானே துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். ஒரு தகப்பனாக நான் சரியாக நடந்துகொண்ட நாட்களில் அது ஒன்று. அம்மாவுக்கு மட்டும் தெரியும், தம்பிக்குக்கூடத் தெரியாது என்றாள். என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

“யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அவள் தலைமேல் அடித்து.

அதைத்தான் குமாஸ்தாவிடம் எடுத்துக் கொடுத்தேன். தாய் சரியாகக் கவனிக்காததால்தான் பிள்ளைக்கு இப்படி என்று சேர்த்துச் சொன்னேன். அவர் வாயால் ‘உச்’ கொட்டிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்ததும், “இது ஒண்ணு போதும் அண்ணாத்தே” என்றார். ஒரு வாரம் கழித்துப் பதினான்கு பக்கம் இங்கிலீஷில் அடித்து வந்தது. வக்கீல் காட்டிய இடத்திலெல்லாம், பக்கத்துக்கு ஒன்றாக, கையெழுத்துப் போட்டேன். ஒரு கையெழுத்து தர மறுத்தவன் பதினான்கு கையெழுத்துப் போட்டுவிட்டு, பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஐ.டி.ஐ. படித்தவன். பட்டறையில் டிராயிங் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்தாலும் படிப்பேன், ஆனால் நீளமாக இங்கிலீஷில் எழுதியிருந்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவேன். என் பெண் இங்கிலீஷ் மீடியம். மூன்றாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் இங்கிலீஷ் காகிதமெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். பேங்க் கடிதம், கம்பெனி சர்க்குலர், புது மிக்ஸியோடு வந்த புத்தகம், எல்லாம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான், தகப்பனுக்கு வருகிற காகிதத்தைப் பிள்ளை படிக்கும். முதலில் சத்தமாக இங்கிலீஷில் ஒரு வரி, பிறகு தமிழில் அதே வரி. எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில்கூட எதையும் விட்டுவிட்டுப் படிக்க மாட்டாள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை. அவள் அம்மா நன்றாக இங்கிலீஷ் படிப்பாள், ஆனால் நான் அவளிடம் எதையும் நீட்டியதில்லை.

அடுத்த ஞாயிறு சோறு ஆக்கி, மீன் வறுத்து, மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம். சின்னவன் எதிர்வீட்டுப் பையன்களோடு விளையாடப் போனான். அலமாரி மேல் அந்தக் காகிதக்கட்டு இருந்தது. எடுத்து அவளிடம் நீட்டினேன்.

வழக்கத்தினால் நீட்டினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பாதி அதுதான். மீதிப் பாதி வேறு. அவள் அம்மாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம் கோர்ட்டு பாஷையில், அச்சில், அவள் வாயாலேயே வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவள் தெரிந்துகொள்ளட்டும். வீட்டைத் துடைத்துவிட்டுப் போனவள் யார் என்று இவளும் தெரிந்துகொள்ளட்டும். அந்த ஆசையில், உள்ளே என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்பதையே நான் மறந்திருந்தேன். சொன்னதில் வேண்டாததை வடிகட்டிவிடுவார்கள் என்று குமாஸ்தா சொன்னது வேறு மனதில் எங்கோ இருந்தது.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. முதல் இரண்டு பக்கம் ஊர், பேர், கல்யாணத் தேதி. மூன்றாம் பக்கத்தில் அம்மாவின் நைட் டியூட்டி வந்தது. அவள் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெரியப்பாவின் குடி வந்தது. “பெரியப்பா அப்படி இல்லப்பா,” என்றாள். “நீ படிம்மா,” என்றேன். படித்தாள். ஒன்பதாம் பக்கம் திருப்பினாள்.

“மூத்த குழந்தை, பன்னிரண்டு வயதுப் பெண்,” என்று தமிழில் சொன்னாள். அடுத்த வரியை இங்கிலீஷில் படித்தாள். பிறகு அதைத் தமிழில் சொன்னாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் நிறுத்தவில்லை. அந்தச் சங்கடத்தின் பெயர், எத்தனை நாளைக்கு ஒரு முறை, எந்த வயதில் ஆரம்பித்தது, தகப்பன் வீட்டில் ஒரு மத்தியானம் எப்படி நடந்தது, எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்து வரி வரியாகச் சொன்னாள். வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிப் படிக்கிற குரல். மீதி ஐந்து பக்கத்தையும் அதே குரலில் படித்தாள். கடைசிப் பக்கத்தில், மேற்படி விவரங்கள் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டு, நான் புரிந்துகொண்டு கையெழுத்திட்டேன் என்று இருந்தது. ஆவடியில் எனக்கு யாரும் எதையும் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டியது அவள்தான்.

காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி டேபிளில் வைத்தாள்.

“இதை யார் யாரெல்லாம் படிச்சிருப்பாங்க?”

“வக்கீலு… குமாஸ்தா.”

“டைப் பண்ணவங்க?”

“ஆமாம்மா.”

“அம்மா வக்கீல்? ஜட்ஜ்?”

தலையசைத்தேன். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா? அண்ணன்?” பெரியம்மா மகன் அவளுடைய பள்ளியில்தான், இரண்டு வகுப்பு மேலே படித்தான்.

“தெரியலம்மா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், காலில் விழுந்தாவது ஏதாவது செய்திருப்பேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். “தம்பியக் கூப்பிடுங்கப்பா, மணி ஆச்சு,” என்றாள். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டிருந்தவள். மணி அப்போது மூன்றுதான் ஆகியிருந்தது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வக்கீலிடம் ஓடினேன். அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அவர் முதல் முறையாக போனைக் கீழே வைத்தார்.

“எடுக்கலாம். மெமோ போட்டு வாபஸ் வாங்கலாம். ஆனா நம்ம கேஸ்ல நிக்கிறதே அது ஒண்ணுதான். அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? நைட் டியூட்டி பாக்கறது குத்தமா? அடுத்த வாரம் வாதம். நீங்களே சொல்லுங்க.”

நான் எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகளின் முகம் கண்ணுக்குள் இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது: அவள் அம்மா ஏர்போர்ட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிற காட்சி. அதை நான் ஆயிரம் தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். இன்னும் ஒரு தடவை ஓடியது.

“இருக்கட்டும் சார்,” என்றேன்.

இதைச் செய்தவன் நான். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிள்ளையின் முகத்தை ஒரு பக்கமும் பழிவாங்குவதை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்து, நிதானமாக, பழியை எடுத்துக்கொண்டேன்.

வாதம் நடந்த அன்று நீதிபதி அம்மா பிள்ளைகளைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். சின்னவன் ஐந்து நிமிடத்தில் சாக்லேட்டோடு வந்துவிட்டான். பெண் அரைமணி நேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். பெண் உள்ளே இருந்தபோது அவள் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் என் பதினான்கு பக்கத்தையும் விரித்து வைத்திருந்தாள். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு முறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சர்ட்டிபிகேட்டுகளை எண்ணிய அன்று பார்த்ததைப் போல இல்லை அது. அன்று கோபமாவது இருந்தது.

தீர்ப்பு வர ஒரு மாதம் ஆனது. நான் ஜெயித்தேன். இந்த வயதில், மனநிலையும் உடல்நிலையும் இப்படி இருக்கும்போது, உறவு என்று யாருமில்லாத ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது அவர்கள் நலனுக்கு உகந்ததல்ல என்று சொல்லிவிட்டார்கள். தகப்பன் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் பிள்ளைகளைப் பார்த்து வருவதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். பெரியவர்கள் வாயால் பேசி வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டையே உத்தரவாகவும் போட்டுவிட்டார்கள்.

சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். கோர்ட்டுப் படிக்கட்டில் என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூன்று வருடமாக எரிந்துகொண்டிருந்த வயிறு அப்படியே குளிர்ந்தது. மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். ஆவடிக்காரன் என் முதுகில் ஓங்கி அறைந்தான். “ஜெயிச்சுட்ட மாமே! மூஞ்சில கரி பூசி அனுப்பிட்ட!” போண்டா சூடாக இருந்தது. நான் மூன்று தின்றேன்.

அந்தச் சந்தோஷம் சரியாக ஞாயிறு வரைக்கும் இருந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். நான் டீக்கடையில் உட்காராமல் முன்னாலேயே போய் நின்றேன். பெண் என்னோடு வந்தாள், என் வீட்டில் உட்கார்ந்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மீன் நல்லா இருக்காம்மா? நல்லா இருக்குப்பா. ஸ்கூல் எப்படிப் போகுது? நல்லா போகுதுப்பா. டிவி போடட்டா? உங்க இஷ்டம்ப்பா. சின்னவன் என் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருப்பான், அவள் ஒரு ஓரமாக, விசேஷத்துக்கு வந்த தூரத்து உறவுக்காரப் பெண் மாதிரி, கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. அம்மா வேண்டாம் என்று தடுத்தும், காய்ச்சலோடு வந்து ஏழு மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். மத்தியானம் எவ்வளவு தூக்கம் வந்தாலும் என் வீட்டில் படுக்கவே மாட்டாள். உட்கார்ந்தபடி கண் சொருகி விழித்துக்கொள்வாள். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

சண்டை போடு, கத்து, என்னைத் திட்டு என்று சொல்லிப் பார்த்தேன். “எதுக்குப்பா?” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் “பரவால்லப்பா” என்றாள். பழம் தின்று கொட்டை போட்ட ஆத்திரக்காரன் நான். பழிவாங்குவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் செய்ததெல்லாம் சத்தம் போடுகிற சின்னப்பிள்ளை வேலை என்று அந்த ஞாயிறுகளில்தான் தெரிந்தது. அவள் மேல் வந்த கோபத்தோடு கூடவே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கொஞ்சம் மலைப்பும் இருந்தது.

நாலு மாதம் தாங்கினேன். அதன் பிறகு ஒரு ஞாயிறு காலை, ஸ்டேஷனில் அவள் அம்மா திரும்பிப் போகக் கிளம்பியபோது, நானே கூப்பிட்டு நிறுத்தினேன்.

“கையெழுத்துப் போட்டுத் தரேன். மூணு பேரும் போங்க. கோர்ட்டுலயும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இப்போதாவது முகம் மாறும் என்று நினைத்தேன். பார்த்தீர்களா, அந்த நேரத்திலும் எனக்கு அவளிடமிருந்து ஏதோ வேண்டியிருந்தது.

“அந்த எடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்க,” என்றாள். “தீர்ப்பு வந்த மாசமே.”

“வேற கெடைக்காதா?”

“அடுத்த வருஷம் எழுதிப் போடலாம். கெடைக்கலாம்.” கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். “அப்ப போடுவீங்களா?”

“போடுவேன். பசங்க மேல சத்தியமா.”

சத்தியம் என்ற வார்த்தை வெளியே வந்ததும் என் மகள் தண்டவாளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரயில் வந்தது. அவள் அம்மா போய்விட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வீட்டுக்கு நடந்தோம். சின்னவன் முன்னால் ஓடினான். நான் அவளுக்குப் பக்கத்தில் போய், மெதுவாகச் சொன்னேன், அடுத்த வருஷம் நீ போயிடலாம்மா, அங்க யாருக்கும் எதுவும் தெரியாது, புது ஸ்கூல், புது ஆளுங்க, அப்பா கண்டிப்பா போடறேன்.

“வேணாம்ப்பா,” என்றாள். “அம்மாவும் தம்பியும் போகட்டும். நான் பெரியம்மா வீட்ல இருந்துக்கறேன்.”

“ஏம்மா? உனக்குப் போகணும்னு ஆசை இல்லயா?”

“எனக்குப் பதினெட்டு வயசு ஆகற வரைக்கும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை உங்ககிட்ட வரணும்னு ஆர்டர் போட்டிருக்காங்க. கரெக்டா வந்துடுவேன்.”

மெயின் ரோடு வந்திருந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“அதுக்கப்புறம்?” என்றேன்.

அவள் வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள்.

“அதுக்கப்புறம் ஆர்டர் இல்லயேப்பா,” என்று சொல்லிவிட்டு, தம்பியை அழைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள்.